தொடர்புப் பக்கத்து வரைபடமும் கேட்கப்படாத ஒப்புதலும்

இணையதளம் அமைத்துத் தரும்படி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர், தொடர்புப் பக்கத்தில் ஒரு கூகுள் வரைபடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். முகவரி, தொலைபேசி எண், அவற்றுக்குக் கீழே சிவப்புக் குறியிட்ட வரைபடம் என்பது தொடர்புப் பக்கத்தின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. அதைச் சேர்ப்பதும் மிக எளிது. கூகுள் வரைபடத்தில் இடத்தைத் தேடிப் பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் சிறிய நிரல் துண்டு ஒன்று கிடைக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. பணம் கட்ட வேண்டியதில்லை, யாரிடமும் பதிவுசெய்துகொள்ள வேண்டியதும் இல்லை. அந்த நிரல் துண்டு பார்வையாளர் சார்பில் என்ன செய்கிறது, அதற்கு அவரிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள் என்பதைப் பற்றியதே இந்தப் பதிவு. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சிறு தளங்களுக்கு, நகர்த்தியும் பெரிதாக்கியும் பார்க்கக்கூடிய ஊடாட்ட வரைபடம் தேவையே இல்லை, தேவைப்படும் சில தளங்களிலும் பார்வையாளர் கேட்ட பிறகுதான் அது வந்து சேர வேண்டும்.

பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வரைபடம் பக்கத்தில் உள்ள மற்றப் படங்களைப் போலவே தெரிகிறது. ஆனால் மற்றப் படங்கள் உங்கள் சர்வரிலிருந்து வருகின்றன. வரைபடம் அப்படி வருவதில்லை. நீங்கள் ஒட்டிய நிரல் துண்டு ஓர் ஐஃபிரேம். ஐஃபிரேம் என்பது உங்கள் பக்கத்துக்குள்ளேயே கூகுளின் பக்கம் ஒன்றைத் திறந்து வைக்கும் ஏற்பாடு. எனவே உங்கள் பக்கத்தைத் திறந்த உலாவி, அதே மூச்சில் கூகுளின் சர்வர்களையும் தொடர்புகொண்டு, வரைபடத்தையும் அதற்கான நிரல்களையும் எழுத்துருக்களையும் கேட்டு வாங்குகிறது. கேட்கும்போது ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), உலாவியின் வகை, சாதனத்தின் மொழி, நேரம் ஆகியவை தாமாகவே சென்றுவிடுகின்றன. பார்வையாளர் குரோம் உலாவியில் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கணக்கோடு தொடர்புடைய குக்கீகளும் (தளங்கள் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு அடையாளக் குறிப்புகள்) சேர்ந்து போக வாய்ப்புண்டு. சஃபாரி 2020 ஆம் ஆண்டிலிருந்தே பிற தளங்களின் குக்கீகளை முற்றாகத் தடுத்துவருகிறது; ஃபயர்ஃபாக்ஸ் 2022 இல் அவற்றைத் தளத்துக்குத் தளம் தனித்தனியே பிரித்து வைக்கத் தொடங்கியது; குரோமோ அவற்றைக் கைவிடப் போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்துவிட்டு 2024 இல் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. நம் ஊரில் கைப்பேசி வழியே வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் குரோமில்தான் வருகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூகுள் தரும் அந்த நிரல் துண்டை ஒட்டுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. படித்தால் அதில் இரண்டு பண்புகள் கண்ணில் படும். ஒன்று 'லோடிங்' என்ற பண்பு. அதன் மதிப்பு 'லேசி' என்றிருக்கும். பார்வையாளர் பக்கத்தைக் கீழே உருட்டி வரைபடத்தை நெருங்கும் வரை அதை ஏற்ற வேண்டாம் என்பது அதன் பொருள். இது வேகத்துக்காகச் செய்யப்பட்டதே தவிர ஒப்புதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும், 'கீழே உருட்டினால்தானே ஏறுகிறது, அதுவே ஒப்புதல்தானே' என்று வாதிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கைப்பேசியில் விரலால் பக்கத்தைத் தள்ளுவது படிப்பதற்கான அசைவு. எதற்கும் சம்மதம் தெரிவிக்கும் செயலாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

மற்றது 'ரெஃபரர்பாலிசி' என்ற பண்பு. எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வருகிறது என்பதை உலாவி மற்றத் தளத்துக்கு எவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. 2020 இல் குரோமும் 2021 இல் ஃபயர்ஃபாக்ஸும் இயல்பு நிலையை இறுக்கின. வேறு தளத்துக்குச் செல்லும் கோரிக்கையில் தளத்தின் பெயர் மட்டும் போகும், பக்கத்தின் முழு முகவரி போகாது என்று ஆயிற்று. நல்ல மாற்றம். ஆனால் கூகுளின் ஒட்டு நிரல், 'நோ-ரெஃபரர்-வென்-டவுன்கிரேட்' என்ற பழைய தளர்வான மதிப்பை வெளிப்படையாக எழுதியே தருகிறது. அதாவது உலாவி தானாக மறைக்கும் விவரத்தை, நீங்கள் ஒட்டிய வரி மீண்டும் திறந்துவிடுகிறது. பக்கத்தின் முழு முகவரியும் கூகுளுக்குச் செல்கிறது. தேநீர்க் கடையின் தளத்தில் இதனால் பெரிய சேதம் எதுவும் இல்லை. தளம் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் இதன் கனம் மாறுகிறது.

நான் தளம் அமைத்துக் கொடுத்த இடங்களில் ஒன்று குடிநோய்க்குச் சிகிச்சை தரும் ஒரு மீட்பு மையம். அங்கே ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம்: உள்நோயாளியாகச் சேர்வது, குடும்பத்தினருக்கான ஆலோசனை, மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்களுக்கான உதவி என்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரைபடம் இருக்க வேண்டும் என்பது நிர்வாகியின் விருப்பம். பக்கத்தின் முகவரியே அதன் பொருளைச் சொல்லிவிடும் என்பதால், அந்தப் பக்கங்களில் கூகுள் நிரலை அப்படியே ஒட்டினால், இன்ன ஐ.பி. முகவரியிலிருந்து, இன்ன நேரத்தில், ஒருவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்களுக்கான பக்கத்தில் இருந்தார் என்ற செய்தி, மையத்துக்குத் தெரியும் முன்பே, மையத்தோடு எந்த உறவும் இல்லாத ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் மையத்தைத் தொலைபேசியில் அழைக்கவில்லை, பெயர் சொல்லவில்லை, படிவம் எதையும் நிரப்பவில்லை. ஒருவேளை யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே நள்ளிரவில் திறந்து பார்த்திருக்கலாம். மனநல மருத்துவர், கருத்தரிப்பு மையம், எச்.ஐ.வி. பரிசோதனை, குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான உதவி என்று இந்தப் பட்டியலை யாரும் நீட்டிக்கொள்ளலாம். அந்த விவரத்தைக் கூகுள் என்ன செய்கிறது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அனுப்ப வேண்டிய தேவையே இல்லாத ஒன்றை அனுப்பியது யார் என்பதே என் கேள்வி. அனுப்பியவர் தளத்தின் சொந்தக்காரர்.

'வரைபடம் இல்லாம எப்படிங்க வந்து சேருவாங்க?' என்று நிர்வாகி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊரில் வழி கேட்பவருக்குப் பேருந்து நிறுத்தத்தின் பெயரும், எந்தக் கோயிலுக்கு எதிர்ச் சந்து என்பதும்தான் பயன்படுகின்றன. உண்மையில் வண்டியில் கிளம்புகிறவர் தன் கைப்பேசியில் உள்ள செயலியில்தான் வழியைத் திறப்பார். பக்கத்துக்குள் அறுநூறு புள்ளி அகலத்தில் பெட்டியாக இருக்கும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே யாரும் வண்டி ஓட்டுவதில்லை. அந்தச் செயலியைத் திறக்கும் ஓர் இணைப்பு இருந்தால் போதும். அந்த இணைப்பை அழுத்தும் வரை எந்த வெளிச் சர்வருக்கும் எதுவும் போகாது. அழுத்துகிறவர் எங்கே போகிறோம் என்பதை அறிந்தே அழுத்துகிறார்.

கூகுளை விட்டு, திறந்த வரைபடத் திட்டமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2004 இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் அந்தத் திட்டத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. விளம்பர வணிகம் இல்லாத அமைப்பு என்பது பெரிய வேறுபாடு. ஆனாலும் தொழில்நுட்பம் ஒன்றுதான். இணைய வரைபடம் முழுப் படமாக வருவதில்லை. டைல்கள் எனப்படும் சிறு சதுரத் துண்டுகளாக வருகிறது. உருப்பெருக்க நிலை 0 இல் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு டைல் நான்காகப் பிரியும். எனவே நிலை 10 இல் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 டைல்கள். நிலை 18 இல் ஏறத்தாழ 6,872 கோடி. சென்னையின் அகலாங்கில் நிலை 18 இன் ஒரு டைல் சுமார் 150 மீட்டர் பக்கமுள்ள சதுரம்: ஒரு தெருவின் ஒரு பகுதி. ஒவ்வொரு டைலுக்கும் தனிக் கோரிக்கை செல்கிறது. கோரிக்கையின் முகவரியிலேயே உருப்பெருக்க நிலையும் டைலின் இரண்டு ஆயங்களும் எண்களாக எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது பார்வையாளர் வரைபடத்தை எந்தத் திசையில் நகர்த்தினார், எந்தத் தெருவில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார் என்பது டைல் வழங்கும் சர்வரின் பதிவேட்டில் வரிவரியாக நிற்கும். மையத்தைப் பார்க்க வந்தவர் வரைபடத்தைத் தன் வீட்டுத் தெரு வரை இழுத்துச் சென்று தூரத்தைக் கணித்திருந்தால், அந்தத் தெருவும் அதில் இருக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பே இதை உணர்ந்திருக்கிறது. எந்த டைல் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற கணக்கை அது பொதுவில் வெளியிடுகிறது. ஆனால் மிகச் சிலர் மட்டுமே பார்த்த டைல்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனி ஆளின் பார்வை அதில் தெரிந்துவிடக்கூடாது என்பதே காரணம். இதே அமைப்பின் டைல் பயன்பாட்டுக் கொள்கை, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்ற விவரத்தை உலாவி சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறது. இலவசச் சர்வரைப் பெரும் வணிகத் தளங்கள் உறிஞ்சிவிடாமல் காக்க அது அவர்களுக்குத் தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்றால் ஒப்புதலே வேண்டாம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வரைபடத்தை இயக்கும் லீஃப்லெட் நிரலைத் தன் சர்வரில் வைக்காமல் வேறொரு பொது வழங்கியிலிருந்து இழுப்பவர்கள், ஒன்றுக்குப் பதில் இரண்டு வெளியாட்களைத் தங்கள் பக்கத்துக்குள் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஐரோப்பாவிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் உருட்டிப் புரட்டப்பட்டது அங்கேதான். மாறிக்கொண்டேயிருக்கும் ஐ.பி. முகவரியும் தனிநபர் தரவாகக் கூடும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பிரையர் வழக்கில் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை (ஜி.டி.பி.ஆர்.) நடைமுறைக்கு வந்தது. 2019 ஜூலையில் வந்த ஃபேஷன் ஐ.டி. தீர்ப்புதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஜெர்மனியின் இணையத் துணிக்கடை ஒன்று தன் பக்கத்தில் ஃபேஸ்புக்கின் விருப்பக்குறிப் பொத்தானைப் பொதித்திருந்தது. பொத்தானை அழுத்தாதவர்களின் விவரமும், ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் விவரமும் பக்கம் திறந்தவுடன் ஃபேஸ்புக்குக்குச் சென்றன. 'அந்தத் தரவை நாங்கள் பார்ப்பதுகூட இல்லையே' என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் தரவைச் சேகரித்து அனுப்பும் அந்தக் கட்டத்துக்குத் தளத்தின் உரிமையாளரும் கூட்டுப் பொறுப்பாளி என்று நீதிமன்றம் சொன்னது. பொத்தானின் இடத்தில் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் காட்சி மாறுவதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிளானெட்49 தீர்ப்பு, முன்கூட்டியே குறியிட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்றது.

சிறு தளங்களைக் கலங்கவைத்தது இவற்றைவிடச் சிறிய ஒரு தீர்ப்பு. 2022 ஜனவரி 20 அன்று மியூனிக் மாவட்ட நீதிமன்றம், ஒரு தளம் கூகுளின் எழுத்துருவைத் தன் சர்வரில் வைக்காமல் கூகுளிடமிருந்து நேரடியாக ஏற்றியதால் பார்வையாளரின் ஐ.பி. முகவரி ஒப்புதலின்றிக் கூகுளுக்குச் சென்றது என்று கண்டு, அவருக்கு 100 யூரோ இழப்பீடு வழங்கச் சொன்னது. எழுத்துருவைச் சொந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ள வழியிருக்கும்போது, 'எங்கள் நியாயமான தேவைக்காகச் செய்தோம்' என்ற வாதம் நிற்காது என்பதே அதன் சாரம். அதன் பின் அதே ஆண்டில் ஜெர்மனியில் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பணம் கேட்டு எச்சரிக்கைக் கடிதங்கள் குவிந்தன. தனியுரிமையில் அக்கறையைவிடக் காசு பார்க்கும் ஆசையே அவற்றில் பலவற்றில் மேலோங்கியிருந்தது என்பது என் எண்ணம். கூகுளின் வரைபடம் ஏறும்போது அதே எழுத்துருக்களையும் உடன் அழைத்துவருகிறது என்பதால், தளத்தின் எழுத்துருக்களை மட்டும் சரிசெய்துவிட்டு வரைபடத்தை விட்டுவைத்தவர்கள் பாதி வேலைதான் செய்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு போவது பற்றிய வழக்கு தனிக் கதை. 2015 இலும் 2020 ஜூலையிலும் அப்படி அனுப்ப வழிசெய்த இரண்டு ஏற்பாடுகள் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. 2023 ஜூலை 10 அன்று மூன்றாவது ஏற்பாடு வந்தது. அது இருக்கும் வரை அனுப்புவதற்கான தடை தளர்ந்திருக்கிறது. ஆனால் பார்வையாளரின் சாதனத்தில் குக்கீ வைப்பதற்கும் படிப்பதற்கும் வேண்டிய ஒப்புதலை அது எந்த விதத்திலும் தள்ளுபடி செய்யவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'இப்போது எல்லாம் சட்டபூர்வம்' என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எழுதும் ஒருவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் நம் தளத்தைத் திறந்து பார்த்தார் என்பதாலேயே அந்த ஒழுங்குமுறை நம்மைப் பிடித்துவிடாது. அங்குள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ அளிக்க நாம் முனைகிறோமா, அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கிறோமா என்பதுதான் அளவுகோல். ஆனால் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இயங்கும் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், சங்கங்களின் தளங்களை இங்கிருந்து அமைத்துக் கொடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நேரடியாகவே இந்தச் சட்டத்துக்குள் வேலை செய்கிறார்கள். அந்தச் சங்கத்துக்குக் கடிதம் வந்தால் பதில் சொல்லப்போவது ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கோயில் நிர்வாகியே தவிர, கோவையில் அமர்ந்து நிரலை ஒட்டியவர் அல்லர்.

இந்தியாவிலும் நிலைமை நகர்ந்துகொண்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தளங்களின் மீது சுமத்தப்படும் முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் என்பது தடையற்றதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமில்லாததாக, தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கொடுத்த எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வேறொன்று: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். தமிழில் தளம் நடத்திக்கொண்டு, ஒப்புதல் பெட்டியை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஆங்கிலத்தில் ஒட்டும் வழக்கத்துக்கு இது முடிவு கட்டுமானால் நல்லது.

பள்ளித் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதற்கும் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அது தடை விதிக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு பள்ளியின் தொடர்புப் பக்கத்தில் வரைபடம் இருந்ததற்காக யாரும் அவ்வளவு தொகை விதிக்கப்போவதில்லை என்பது என் கணிப்பு. ஆனாலும் மாணவர்கள் நாள்தோறும் திறக்கும் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெளி நிறுவனத்தின் சட்டகம் ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பள்ளி எங்கே இருக்கிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள நண்பர்கள் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டத்தைப் படித்தவுடன் எல்லோரும் செய்வது, பக்கத்தின் அடியில் ஒரு குக்கீப் பட்டையைத் தொங்கவிடுவது. அதில் ஒரு வேடிக்கை நடக்கிறது. பட்டை 'ஏற்கிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் வரைபடம் ஏறி முடிந்திருக்கும். வீட்டு வாசலில் ஆளை நிறுத்தி வருபவர் பெயரையெல்லாம் எழுதி வாங்கிவிட்டு, உள்ளே போனபின் 'பெயர் கொடுக்கச் சம்மதமா?' என்று கேட்பதைப் போன்றது அது. ஒப்புதலில் முக்கியமானது வரிசை. முதலில் கேள்வி, பிறகு விடை, அதற்குப் பிறகே வெளிச் சர்வருக்கான முதல் கோரிக்கை. மறுப்பதும் ஏற்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. அந்த முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. 'ஏற்கிறேன்' என்பதைப் பளிச்சென்ற நிறத்திலும், மறுப்பை மூன்று பக்கங்களுக்கு அப்பாலும் வைக்கும் பட்டைகள் நம் ஊர்த் தளங்களிலும் இப்போது பெருகிவிட்டன.

வரைபடத்துக்கு இந்தப் பொதுப் பட்டையே பொருத்தமற்றது என்பது என் கருத்து. தளத்துக்குள் நுழையும்போது யாரும் வரைபடத்தைப் பற்றி நினைப்பதில்லை. அப்போது பெறும் ஒப்புதல் எதற்கென்று அவருக்கே தெரியாது. கேட்க வேண்டிய இடம் வரைபடம் இருக்க வேண்டிய இடம்தான். ஜெர்மனியின் ஹைசே பதிப்பகம் 2011 இல் சமூக வலைத்தளப் பொத்தான்களுக்காக அறிமுகப்படுத்திய இரு சொடுக்கு முறை இதற்கு அப்படியே பொருந்துகிறது. முதலில் உயிரற்ற படம் மட்டும் நிற்கும். அதை ஒருமுறை சொடுக்கினால் வெளி நிறுவனத்தின் உண்மையான பொத்தான் அந்த இடத்தில் வந்து உயிர்பெறும்.

மீட்பு மையத்தின் தளத்தில் நான் செய்ததும் இதுதான். வரைபடம் வரவேண்டிய பெட்டியில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு ஒருமுறை தயாரித்து மையத்தின் சர்வரிலேயே வைத்த ஒரு நிலைப்படம். அதன் மூலையில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற குறிப்பு. உரிமத்தின் நிபந்தனை அது. கூகுள் வரைபடத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து இப்படி வைக்கலாமே என்று தோன்றும். அவர்களின் விதிமுறைகள் அந்த வகைச் சேமிப்புக்கு இடந்தருவதில்லை என்பதால் அதைத் தவிர்த்தேன். படத்துக்குக் கீழே எழுதியது இது: 'இந்த இடத்தில் திறக்கும் வரைபடத்தைக் கூகுள் நிறுவனம் வழங்குகிறது. திறந்தால் உங்கள் ஐ.பி. முகவரி அந்நிறுவனத்துக்குச் செல்லும்; அது உங்கள் சாதனத்தில் குக்கீகளை வைக்கலாம். வரும் வழி மேலே எழுத்திலும் தரப்பட்டுள்ளது.' அடுத்து 'வரைபடத்தைத் திற' என்ற ஒரே பொத்தான். அழுத்திய பிறகுதான் ஐஃபிரேம் பக்கத்தில் உருவாகிறது. அதுவும் ரெஃபரர் பண்பை மாற்றி, பக்கத்தின் முழு முகவரி போகாதபடி. தேர்வை நினைவில் வைக்கும் வசதியை அங்கே வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வீட்டில் பலர் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசியில் அந்தத் தடயம்கூட வேண்டாம் என்று நிர்வாகியே சொன்னார்.

வரும் வழியை எழுத்தில் தருவது வெறும் சடங்கன்று. மறுப்பவருக்கு வழி தெரியாமல் போய்விடுமானால், ஏற்பவர் தந்த ஒப்புதல் தடையற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்? பார்வையற்றவர்கள் திரைபடிப்பானில் கேட்பதும் அந்த எழுத்தைத்தான்.

ஊடாட்ட வரைபடம் உண்மையிலேயே வேண்டிய தளங்களும் இருக்கின்றன: பல கிளைகள் உள்ள கடை, பேருந்து வழித்தடங்கள், ஏரிகளை ஆவணப்படுத்துபவர்கள். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, டைல்களையும் சொந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்வது. பிஎம்டைல்ஸ் என்ற வடிவத்தில் ஒரு நகரத்தின் டைல்கள் முழுவதையும் ஒரே கோப்பாக வெட்டி எடுக்கலாம். தனி வரைபடச் சர்வர் எதுவும் தேவையில்லை, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் தரக்கூடிய சாதாரண வாடகைச் சர்வரே போதும். அதைப் பக்கத்தில் காட்ட மேப்லிப்ரே என்ற திறந்த நிரல் இருக்கிறது. மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனம் தன் நிரலின் உரிமத்தை 2020 டிசம்பரில் மூடியபோது, அதற்கு முந்தைய திறந்த பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது அது. இப்படி அமைத்தால் வெளியே எவருக்கும் எந்தக் கோரிக்கையும் செல்லாது. வரைபடத்துக்கென்று தனியே கேட்க வேண்டிய ஒப்புதலும் இல்லாமலே போகிறது. ஒரு மாலை நேர வேலை அதிகமாகும் என்பது உண்மைதான்.

கிளைகளைக் காட்டும் தளங்களில் இன்னொரு தொல்லை, பக்கம் திறந்தவுடனே 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி' என்று எழும் கேள்வி. இது உலாவியே கேட்கும் கேள்வி என்பதால் ஒப்புதல் ஒழுங்காகப் பெறப்பட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அந்தப் பெட்டியில் இருக்காது. 'அருகிலுள்ள கிளையைக் கண்டுபிடி' என்ற பொத்தானை ஒருவர் அழுத்திய பிறகு அது எழுந்தால் பொருள் விளங்கும். அதைவிட, அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டச்சு செய்யும் ஒரு பெட்டி பெரும்பாலான வேளைகளில் போதும். கிளையைத் தேட மீட்டர் கணக்கில் துல்லியம் தேவையில்லை.

பார்ப்பவரின் ஒப்புதலைப் பற்றியே பேசிவிட்டேன். வரைபடத்தில் குறிக்கப்படுபவரின் ஒப்புதலும் இருக்கிறது. 2012 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் 'தி ஜர்னல் நியூஸ்' நாளிதழ், இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருந்தவர்களின் பெயரையும் முகவரியையும் ஊடாட்ட வரைபடமாக வெளியிட்டது. தகவல் பெறும் சட்டத்தின் வழியே கிடைத்த பொது ஆவணங்கள்தாம் அவை. ஆனால் அலுவலகக் கோப்பில் ஒரு பெயராக இருப்பதும், யாரும் உருப்பெருக்கிப் பார்க்கக்கூடிய வரைபடத்தில் தன் வீட்டின் மேல் ஒரு புள்ளியாக இருப்பதும் ஒன்றல்ல என்று எதிர்ப்பு வெடித்தது. அடுத்த மாதமே நாளிதழ் அந்தப் பெயர்களை நீக்கியது. நம் ஊரில் இரத்த தானம் செய்பவர்கள், வீட்டில் இருந்தபடி தனிப்பயிற்சி தரும் ஆசிரியர்கள், வெள்ளக் காலத்தில் உணவு தருவதாகச் சொன்ன தன்னார்வலர்கள் ஆகியோரின் பட்டியலை நல்லெண்ணத்தோடு வரைபடமாக்கிப் பகிர்பவர்களை அடிக்கடி காண்கிறேன். தொலைபேசி எண்ணைப் பகிரச் சம்மதித்தவர், தன் வீட்டு வாசல் வரை அம்புக்குறி போடவும் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது. புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் வட்டாரத்தின் மேல் வைத்தால் அந்த வரைபடத்தின் பயன் சிறிதும் குறைவதில்லை. வேலை முடிந்தவுடன் அதை எடுத்துவிட ஒரு நாளையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்.

தங்கள் தளத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று அறிய விரும்புபவர்கள், கணினியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்து, பிறகு தங்கள் தொடர்புப் பக்கத்தை ஏற்றி, எதையும் சொடுக்காமல் கடைசி வரி வரை உருட்டிப் பார்க்கலாம். செல்லும் கோரிக்கைகள் அங்கே வரிசையாக வரும். அவற்றில் உங்கள் தளத்தின் பெயர் அல்லாத வேறு பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கூகுளின் பெயரோடு, நீங்கள் எப்போதோ சேர்த்து மறந்துபோன வேறு சில பெயர்களும் தென்படக்கூடும்.